மிதக்குதா இல்லையா

செருப்போடவே வாங்கண்ணே. இது சாமி ரூம் இல்ல, மீன் தீவனக் கொட்டகை. பாத்து, கீழ கம்பி கிடக்கும். அந்த ஸ்டூல்ல உட்காருங்க, எங்க வீட்டுக்காரர் டீ போட்டுக் கொண்டு வருவாரு.

மெஷினை அப்புறம் பாக்கலாம். அது எங்கயும் ஓடிடாது. முதல்ல இதைப் பாருங்க. கண்ணாடி டம்ளர், நல்ல தண்ணி. இந்தா, இந்த மெஷின்ல வந்த தீவனம் ஒரு பிடி. போடுறேன். எங்க நிக்குது? வாயால சொல்லுங்கண்ணே, தலையை ஆட்டினா எப்படி. மிதக்குதுல்ல? அவ்வளவுதான் விஷயம். இந்தச் சுத்துவட்டாரத்துல குளம் வச்சிருக்கிற எவனா இருந்தாலும் மூட்டையை எடுக்கிறதுக்கு முன்னாடி இப்படி டம்ளர்ல போட்டுத்தான் பாப்பான். மிதந்தா எடுத்துட்டுப் போவான். முழுகினா மூஞ்சியைத் திருப்பிக்குவான். மிதந்தாத்தானே மீன் மேல வந்து தின்னுச்சா, மிச்சம் வச்சுச்சான்னு கரையில நின்னு பாக்க முடியும். முழுகிட்டா சேத்துக்குள்ள போயி தேடவா முடியும்?

அந்த டம்ளரை அப்படியே அந்தப் பலகை மேல வச்சிடுறேன். இருக்கட்டும். நாம பேசுவோம்.

மெஷின் விலை போன்ல சொன்னதுதான். பேரம் பேசுங்க, வேண்டாங்கல. எனக்கும் நாலு வார்த்தை பேசினாத்தான் யாவாரம் பண்ணின மாதிரி இருக்கும். ஆனா குறையாது. இந்த மங்களேஸ்வரி சொன்ன விலையிலேருந்து இறங்கினான்னு பட்டுக்கோட்டை சந்தையில ஒரு ஆளு சொல்லட்டும், மெஷினைச் சும்மா தூக்கிட்டுப் போங்க. பாவாடை சட்டையில கருவாட்டுக் கூடையைத் தூக்கிக்கிட்டு நின்ன இடம்ண்ணே அது. அப்பா போனப்ப தம்பி இடுப்புல இருந்தான். கூடை தலையில, அவன் இடுப்புல. எவன் எந்த விலை சொன்னாலும் அதுல ஒரு பங்கு காத்து. அதைப் பிடுங்கி விட்டாத்தான் சரக்கோட நெசமான விலை தெரியும். எனக்கு வாத்தியாரு சொல்லிக் கொடுத்ததில்ல இது, அடி சொல்லிக் கொடுத்தது.

இந்த மெஷினையும் அப்படித்தான் வாங்கினேன். ஆந்திராவுல ஒரு ராஜு. நல்ல மனுஷன், பாதித் தமிழ், பாதித் தெலுங்கு. மெஷின், பாய்லர், உலர்த்துற மெஷின், எல்லாம் சேத்து ஒரு விலை சொன்னாரு. நான் என்ன பண்ணினேன், ஒண்ணொண்ணாக் கழட்டினேன். பாய்லர் எதுக்குங்க? அவரு சொல்றாரு, ‘அம்மா, மாவுக்குள்ள ஆவி போகணும். ஆவியில முதல்ல பதமாகி, அப்புறம் இந்த ஸ்குரு அதை நெருக்கிப் பிழிஞ்சு, சூட்டுல வெந்து, வெளிய வரும்போது பொரியணும். ஆவி இல்லன்னா வெளிய பொரியும், உள்ள வேகாது.’ நான் கேட்டேன், ‘எங்க வீட்டுல சோறு அடுப்புல வேகுது, பாய்லரா வச்சிருக்கோம்? வெறும் தண்ணி ஊத்திப் பிசைஞ்சு விட்டா ஓடுமா ஓடாதா?’ ஓடும்னாரு. ‘மிதக்குமா மிதக்காதா?’ கொஞ்சம் யோசிச்சாரு. மிதக்கும்மா, ஆனான்னாரு. ஆனாங்கிற வார்த்தையை விக்கிறவன் வாயிலேருந்து வந்தா நான் காதுலயே போட்டுக்கிறதில்ல. அந்த வார்த்தையிலதான் அவன் லாபம் இருக்கும்.

பாய்லரைக் கழிச்சேன். உலர்த்துற மெஷினையும் கழிச்சேன். எங்க ஊருல வெயிலுக்கு யாரும் காசு கேக்கறதில்ல. திரும்பி வர்றப்ப ரயில்ல எங்க வீட்டுக்காரரு ஜன்னலையே பாத்துக்கிட்டு வந்தாரு. ‘என்னங்க’ன்னேன். ‘அந்த ஆளு கடைசியில சிரிச்சதைப் பாத்தியா’ன்னாரு. தோத்தவன் சிரிப்பான், அது எனக்குத் தெரியாதா.

இந்தா, டீ வந்துருச்சு. குடிங்கண்ணே. இவருதான். சிங்காரவேலுன்னு பேரு. பேச மாட்டாரு. நான் பேசுறதுக்கு அவரு காது, அவரு பேசாததுக்கு நான் வாய்.

யாருக்காக இந்த மெஷின்னு கேளுங்க. எங்க தம்பிக்காக. கலியமூர்த்தின்னு பேரு. கலியன்னு கூப்பிடுவேன். அப்பா விட்டுட்டுப் போன நிலத்துல குளம் வெட்டினான். கட்லா, ரோகு மீன்குஞ்சு விட்டான். தீவனம் லாரியில வெளியூர்லேருந்து வரும், கம்பெனிச் சரக்கு. நான் பாத்தேன். எவனோ ஒருத்தன் சம்பாதிக்கிறதுக்கு நம்ம பையன் ஏன் பாடுபடணும்? ‘கலியா, தீவனத்தை நான் செய்யறேன், நீ என்கிட்டயே எடு’ன்னேன். ‘சரிக்கா’ன்னான். அவ்வளவுதான் அவன் பேச்சு. என்ன விலைக்கான்னு கேக்கல. ஊரே என்கிட்ட வாயை வளக்கும், அவன் ஒருத்தன்தாண்ணே இதுவரைக்கும் என்கிட்ட பேரம் பேசாத ஆளு.

முதல் ஓட்டத்துல மிதக்கலதான். சொல்லிடுறேன், மறைச்சு என்ன ஆவப்போவுது. முழுகுச்சு. தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள், எல்லாம் சரியாத்தான் போட்டேன். அப்புறம் நானே கண்டுபிடிச்சேன். மரவள்ளி மாவைக் கூட்டு, கருவாட்டுத் தூளைக் கொஞ்சம் கொற. என்னமாப் பொரியுதுங்கிறீங்க. கோவில் திருவிழாப் பொரி மாதிரி. ஒண்ணு முழுகல. கருவாட்டுத் தூளைவிட மரவள்ளி எவ்வளவு மலிவுன்னு உங்களுக்கே தெரியும். ஒரே கல்லு, ரெண்டு மாங்கா விழுந்துச்சு.

அரைக்கிறதுலயும் ஒரு வேலை பண்ணினேன். மில்லுல சல்லடை இருக்குல்ல, கண்ணு சின்னதா. அதுல அரைச்சா மைதா மாதிரி வரும், ஆனா நாள் பூரா ஓடணும், கரண்டு என்ன ஆவுறது? பெரிய கண்ணுச் சல்லடையா மாத்திட்டேன். சடசடன்னு அரைச்சுத் தள்ளிடும். இவரு வந்து கையில அள்ளிப் பாத்துட்டு, ‘ரவை மாதிரி இருக்கே மங்களம், ஒட்டுமா’ன்னாரு. மீன் என்ன கேசரி கிண்டவா போவுதுன்னேன். அதோட போயிட்டாரு. போனா போறாரு.

என்னண்ணே மெஷினைச் சுத்திச் சுத்திப் பாக்குறீங்க. ஸ்குரு தேயல. நல்லாத் தட்டிப் பாருங்க, தீவனத்தை நறுக்குற கத்தியைப் பாருங்க, புதுசு. மெஷின் பேருல ஒரு குத்தம் சொல்ல முடியாது. அதை நான் சொல்லல, பாதிக்கப்பட்டவனே சொல்லியிருக்கான். எங்க தம்பியே சொன்னான். அதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும் உங்களுக்கு?

சொல்றேன், சொல்றேன். அதைச் சொல்லாம உங்களை அனுப்ப மாட்டேன்.

ஆவணி வரைக்கும் நல்லாத்தான் போச்சு. இந்த ஏரியாவுல குளம் வச்சிருந்த பாதிப் பேரு என்கிட்டதான் எடுத்தாங்க. டம்ளர்ல போட்டுப் பாப்பாங்க, மிதக்கும், ஏத்திக்கிட்டுப் போவாங்க. அப்புறம் ஒவ்வொருத்தனா நிறுத்தினான். ரெண்டு லோடு எடுப்பான், மூணாவது லோடுக்குப் போன் பண்ணினா எடுக்க மாட்டான். பொம்பளை மேல வர்றது எவனுக்குப் பொறுக்கும்? பொறாமைண்ணே, வேற என்ன. கலியன் மட்டும் நிறுத்தல. ஒரு லோடு கூட நிறுத்தல. ரத்தம்ல.

ஐப்பசியில மழை பிடிச்சுது. வெயில் இல்ல. தார்ப்பாயில கொட்டி வச்சது காயமாட்டேங்குது. கொட்டகை நிறைஞ்சு போச்சு. என்ன செய்ய, கை பொறுக்கிற சூடு வந்தவுடனே மூட்டை கட்டச் சொன்னேன். கொஞ்சம் ஈரம் இருந்தா என்ன, போற இடமே தண்ணிதானே. இப்படித்தான் சொன்னேன், இவரே சிரிச்சாரு. சிரிச்சீங்கல்ல? பாருங்க, உள்ள போயிட்டாரு.

கலியன் போன் பண்ணினான். ‘அக்கா, மூட்டையைப் பிரிச்சா புளிச்ச வாடை வருது.’ ‘வாடை வந்தாத்தாண்டா மீன் ஓடி வரும்’னேன். சரிக்கான்னான். ‘மூட்டையோட அடியில தூளா இருக்குக்கா.’ லாரி குலுங்கினா உடையாதான்னேன். சரிக்கா. ‘மீன் எடை ஏறலக்கா, கம்பெனித் தீவனம் போட்டப்ப இந்நேரம்...’ அவனை முடிக்கவே விடல நான். எனக்குக் கோவம் வந்தா யாரு என்னன்னு தெரியாது, அது என் பிறவி. ‘எடை ஏறலன்னா போடுறது பத்தலன்னு அர்த்தம். இன்னும் ரெண்டு வாளி சேத்துப் போடு. நீ கஞ்சத்தனம் பண்ணிட்டு என் தீவனத்தைக் குறை சொல்லாத’ன்னேன். மழைச் சத்தம் மட்டும் போன்ல கேட்டுச்சு. அப்புறம், ‘சரிக்கா, போடுறேன்.’

போட்டான். நான் சொன்னா செய்வான்.

அப்புறம் வானம் மூடிக்கிச்சு. சூரியனைப் பாக்கவே முடியல. உங்களுக்குத் தெரியும், அந்த மாதிரி நாள்ல தண்ணியில காத்து கம்மியாயிடும், விடியக்காலம் மீனெல்லாம் மேல வந்து வாயைப் பொளக்கும். காத்து விடுற சக்கரம் வச்சிருந்தான், அன்னைக்குப் பாத்து கரண்டும் போச்சு. எல்லாம் சேந்து வந்துச்சுண்ணே. விதின்னு வரும்போது தனியா வருமா.

விடிஞ்சும் விடியாம போன். கத்தல, அழல. ‘அக்கா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்’னான். வீட்டுல ஏதோ பலகாரம் செஞ்சிருக்கோம், வந்து சாப்பிட்டுப் போன்னு கூப்பிடுற மாதிரி. நான் போனேன்.

குளம் பூரா வெள்ளை. மீனெல்லாம் வயித்தைக் காட்டிக்கிட்டு, கரையோரம் ஒண்ணு மேல ஒண்ணா ஒதுங்கிக் கிடக்குது. தண்ணின்னு ஒண்ணு இல்ல, புளிக்கரைசல். இடுப்பளவு அதுக்குள்ள நின்னு ஒண்ணொண்ணா எடுத்துக் கூடையில போட்டுக்கிட்டிருக்கான். தூக்கி எறியலண்ணே. எடுத்து வைக்கிறான், தூங்குற பிள்ளையை எடுத்துப் போடுவோம்ல, அப்படி.

கத்தினேன். மீன்குஞ்சு குடுத்தவனைத் திட்டினேன், கரண்டு ஆபீஸ்காரனைத் திட்டினேன், மழையைத் திட்டினேன். கரையில பாதி ஊரு நிக்குது. எவனோ ஒருத்தன் பின்னாலேருந்து, ‘தீவனம் தண்ணியிலயே கரைஞ்சு அழுகிப் போயிருக்கு, அடியில பாரு எவ்வளவு சேறு’ன்னான். எனக்கு எங்கேருந்து வந்துச்சோ தெரியல. தம்பியைப் பாத்துச் சொன்னேன்: ‘அளவு தெரியாம நீதான அள்ளிக் கொட்டின.’

அவன் கையில ஒரு கட்லா இருந்துச்சு. நிமிந்து என்னைப் பாத்தான். எம்மேல கோவப்பட்டிருந்தாக்கூட ஆறியிருக்கும்ண்ணே. கோவமே இல்ல அந்த முகத்துல. ‘மெஷின் மேல தப்பு இல்லக்கா’ன்னான். அதான் சொன்னேனே, அவன் வாயாலேயே சொன்னான், ஊரு முன்னாடி. குனிஞ்சு மறுபடி எடுக்க ஆரம்பிச்சுட்டான்.

மிச்சம் இருந்த மூட்டையெல்லாம் டிராக்டர்ல கொண்டாந்து இந்த வாசல்ல இறக்கினான். அழகா அடுக்கினான், ஒண்ணு சரியாம. உள்ள வரல. எந்த நாளும் வாசல்ல வந்து நின்னா, ‘அக்கா, தண்ணி’ன்னுதான் முதல் குரல் வரும். நான் சொம்புல மொண்டு எடுத்துக்கிட்டு வந்தேன், வந்து பாத்தா டிராக்டர் முக்குத் திரும்பிடுச்சு. அந்த மூட்டையிலேருந்து எடுத்ததுதான் நான் டம்ளர்ல போட்டது.

ஒரு வருஷம் ஆகப் போவுது. பேச்சு இல்ல. சண்டையும் இல்ல. சண்டைன்னா எனக்குத் தெரியும், எப்படிப் போடுறது, எப்படி முடிக்கிறது. இது என்னன்னே எனக்குத் தெரியலண்ணே.

இப்ப என் பொண்ணுக்குக் காது குத்தணும். தர்ஷினி. ரொம்பக் காலம் கழிச்சுப் பொறந்தவ. அஞ்சு வயசு முடியறதுக்குள்ள குத்தணும், தை மாசம் தேதி வச்சாச்சு. தாய்மாமன் மடியில உட்கார வச்சுத்தானே குத்தணும்? எனக்கு இருக்கிறது ஒரே தம்பி. சித்தப்பா மகன் ஒருத்தன் இருக்கான், ‘நான் உட்காரட்டுமா’ங்குறான். அவன் மடி என்ன மடி? கலியன் என் இடுப்புல கிடந்தவன். என் பொண்ணு அவன் மடியில இல்லாம வேற எவன் மடியில உட்காரும்?

வெத்தலை பாக்கு வச்சு அழைக்கப் போனேன். அவன் பொண்டாட்டிதான் தட்டை வாங்கி வச்சா. அவன் எங்கம்மான்னேன், குளத்துலன்னா. குளத்துல தண்ணியே இல்ல, வத்த விட்டுட்டான். உள்ள உளுந்து விதைச்சிருக்கான். என்னமா வந்திருக்கு தெரியுமாண்ணே அந்த உளுந்து. முழங்காலுக்குத் தழைச்சு நிக்குது, கருகருன்னு. இருக்காதா பின்ன, என் தீவனம் பூராவும் அந்தச் சேத்துக்குள்ளதானே கிடக்குது. வீணாப் போகல பாருங்க.

கரையில நின்னே கேட்டேன். ‘தை மாசம் காதுகுத்து. வருவியா மாட்டியா?’ களை எடுத்துக்கிட்டிருந்தான். எனக்குத் தெரிஞ்ச வழி ஒண்ணுதானேண்ணே, ஏதாவது ஒண்ணைத் தராசுல வச்சுத்தானே பேச முடியும். ‘அந்த மெஷின் என் கொட்டகையில நிக்கிறது உனக்கு உறுத்துதுன்னா அதை வித்துடுறேன். வித்துட்டா வருவியா?’ன்னேன். நிமிந்தான். லேசா சிரிச்சான். ‘உன் இஷ்டம்க்கா’ன்னான்.

வரமாட்டேன்னு சொல்லல பாத்தீங்களா. அதனாலதான் விக்கிறேன். இல்லன்னா இப்படி ஒரு மெஷினை எவன் விப்பான்?

என்ன கேட்டீங்க? பாய்லர் எங்கன்னா? அதான் சொன்னேனே, வாங்கவே இல்லன்னு. நீங்களுமாண்ணே. ம்? நீங்க பாய்லர் வச்சுக்குவீங்களா. உலர்த்துறதும் போடுவீங்களா. சின்னக் கண்ணுச் சல்லடையும் மாத்துவீங்களா. மாத்திட்டா?

இதே மெஷின்லயா?

இதே மெஷின்ல, தீவனம் நேரம் போனாலும் கரையாம நிக்குமா. உள்ள வரைக்கும் வெந்து. ஓஹோ.

டீ ஆறிடுச்சு உங்களுக்கு. வேற போடச் சொல்லட்டுமா? வேண்டாமா.

என்னது, விலை சம்மதமா? அப்படியே ஒத்துக்கிட்டா எப்படிண்ணே. ரெண்டு வார்த்தை பேசுங்க. கொறச்சுக் கேளுங்க, நான் முடியாதுங்கிறேன், நீங்க எந்திரிச்சு வாசல் வரைக்கும் போங்க, நான் கூப்பிடுறேன். இப்படி சரின்னுட்டு உட்காந்திருந்தா எனக்கு என்னவோ மாதிரி இருக்கு. மறுபேச்சுப் பேசாம சரிங்கிற ஆளைக் கண்டாலே இப்பல்லாம் எனக்குப் பயமா வருது.

ஏன் அந்தப் பலகையையே பாக்குறீங்க?

அது... பழைய மூட்டைண்ணே. ஒரு வருஷம் ஆவப்போவுது. இவ்வளவு நேரம் ஊறினா எதுதான் கரையாது? மீன் என்ன இவ்வளவு நேரம் வேடிக்கை பாத்துக்கிட்டா இருக்கும்? டம்ளரும் சரியாக் கழுவியிருக்காது. இங்க குடுங்க. இல்ல, கொட்ட வேண்டாம். கொட்டாதீங்க. குடுங்க நான் பாக்குறேன்.

இந்த நிறம்தாண்ணே.

அவன் இடுப்பு வரைக்கும் இந்த நிறம்தான் இருந்துச்சு.

ஒண்ணுமில்ல, கொட்டகைத் தூசி. கண்ணுல பட்டா இப்படித்தான். நீங்க லாரியை எப்ப கொண்டு வர்றீங்க? காலையிலயா, நல்லது. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. மெயின் ரோட்டுல போகாதீங்க. வாய்க்கால் கரையோட ஒரு ரோடு போவுது, கொஞ்சம் சுத்து, ஆனா லாரி தாராளமாப் போகும். இடது கைப் பக்கம் ஒரு குளம் வரும். தண்ணி இருக்காது, உள்ள உளுந்து நிக்கும், பாத்தாலே தெரியும். காலையில அவன் அங்கதான் இருப்பான். மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடாதீங்கண்ணே. வானம் தெளிவா இருக்கு, நனையாது. திறந்தபடியே கொண்டுபோங்க. நிறுத்த வேண்டாம், யாருகிட்டயும் ஒண்ணும் பேச வேண்டாம். அந்த இடத்துல மட்டும் மெதுவாப் போயி, ஒரு ஹாரன் அடிக்கச் சொல்லுங்க. அவன் நிமிந்து பாக்கணும். பாத்தாப் போதும்.

அதுக்காக வேணும்னா விலையில கொஞ்சம் கொறச்சுக்கிறேன்.